மூணு ஏனமும் வந்துச்சா

கச்சிராயபாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் ராஜாம்பாள் சித்தியும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சாமியை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கம்மி. பார்சலில் சாமையும் தினைமாவும் வைத்திருக்கிறேன், எறும்பு வருவதற்குள் டப்பாவில் கொட்டிவிடு. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுவேன், இரண்டு பேரும் வைத்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷத்தில் ஐந்தாவது வீடு. பாலம் கட்டுகிற வேலை, மாப்பிள்ளை போகிற இடத்துக்கு நீயும் போகத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. அவரு சாமான் லாரியில முன்னால பூடுவாரு, நான் பசங்கள இட்டுக்கினு ரயில்ல வரேன், ஆளுக்கொரு பை மாட்டி வுட்டுட்டா ஏறும்போது பைய எண்ணிக்கினா போதும், இதுக்கு இன்னாம்மா பயம் என்றாய். பக்கத்திலிருந்து பெரியவன் வேறு, ஷாலினி பையையும் நானே தூக்கிக்கிறேன் ஆயா என்று கத்தினான். நீ பெருமையாகச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

என் அம்மா தைலம்மாளை நீ போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. வீடு என்று ஒன்று அவளுக்கு இருந்ததே இல்லை. ரோடு போடுகிற கூட்டத்தோடு ஜல்லி சுமப்பாள், ரோடு முடிந்தால் கரும்பு வெட்டு, கரும்பு முடிந்தால் செங்கல் சூளை. மேஸ்திரி கிளம்பு என்றால் அரை மணியில் குடிசையைப் பிரித்துக் கட்டிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஆளுக்கொரு ஏனம் கொடுப்பாள். ஆதிமூலம் மாமாவுக்குச் சோற்றுப் பானை, எனக்குக் குண்டான், ராஜாம்பாளுக்குச் சொம்பு. கைக்குழந்தை அவள் இடுப்பில். அவரவர் ஏனத்தை அவரவர்தான் தூக்க வேண்டும், தொலைத்தால் முதுகு பழுத்துவிடும். அத்தனை சனம் முண்டியடித்து ஏறுகிற லாரியில் பிள்ளைகளின் முகம் தெரியாது. மூணு ஏனமும் வந்துச்சா என்று குரல் கொடுப்பாள், நாங்கள் தூக்கிக் காட்டுவோம். ஏனம் வந்தால் பிள்ளை வந்தது என்று கணக்கு.

எனக்கு எட்டு வயது, சித்திக்கு ஐந்து. கரியாலூர்ப் பக்கம் மலைமேல் ரோடு வேலை முடிந்து எலவனாசூர்கோட்டைக்குக் கரும்பு வெட்டக் கிளம்பினோம். சித்திக்குக் காய்ச்சல். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நிழலில் சாக்கின்மேல் தூங்கினாள். பாவம், எழுந்து சொம்பையும் தூக்க வேண்டுமே என்று அதை எடுத்து என் குண்டானுக்குள் போட்டுக்கொண்டேன். அவளை அண்ணன் தூக்கி வருவான் என்று நான் நினைத்தேன், நான் கூட்டி வருவேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அம்மா குரல் கொடுத்தாள். அண்ணன் பானையைக் காட்டினான், நான் குண்டானையும் சொம்பையும் சேர்த்துக் காட்டினேன். லாரி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் கரும்புக் காட்டில் கூழை ஊற்றி அம்மா சொம்பை நீட்டினாள். வாங்கக் கை இல்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது கண்ணு. கைக்குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள். மலையில் கரடி இருக்கும், பள்ளம் இருக்கும் என்று மேஸ்திரி பெண்சாதி சொல்லச் சொல்ல நான் அந்தச் சொம்பைக் கட்டிக்கொண்டே கிடந்தேன். மூன்றாம் நாள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலைக்காரர் ஒருவர் வீட்டில் கஞ்சி கொடுத்து வைத்திருந்தார்களாம். அம்மாவைப் பார்த்ததும் சித்தி ஓடி வரவில்லையாம், பின்னால் பின்னால் நகர்ந்தாளாம். சொம்பு காணாம பூடுச்சும்மா, நான் தொலைக்கல, அடிக்காத என்றாளாம். அதைத் தொலைத்ததற்காகத்தான் விட்டுவிட்டுப் போனோம் என்று நினைத்திருக்கிறாள்.

நான் வாயே திறக்கவில்லை. என் புத்தி கெட்டுப்போச்சே என்று அம்மா சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வேன் ஒன்பது மணிக்கென்றால் சித்தி ஏழு மணிக்கே ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்களே, அது ஆசையில்லை மணி, பயம்.

அதனால் சொல்கிறேன், பையை எண்ணாதே. தலையைத் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகு அடுத்த அடி வை. ஷாலினி பையைப் பெரியவன் தூக்கவே கூடாது. அவளால் முடியாவிட்டால் பை ஸ்டேஷனிலேயே கிடக்கட்டும். ரயில் ஏறியதும் போன் பண்ணு, இரண்டு பேர் குரலையும் நான் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

பார்சல் போடக் கள்ளக்குறிச்சிக்குச் சித்திதான் போகிறாள். பஸ் நாலு மணிக்கு. இப்போது மணி இரண்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உறையை ஒட்டியதும் அவளிடம் போய், அந்தச் சொம்பை நான்தான் எடுத்தேன் என்று சொல்லப் போகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா,
அம்சவள்ளி