லேசர் மெஷினைக் கெடுத்தது யார்

அக்கா,

இன்று சங்கராபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே இறங்கிவிட்டேன். வெயிலில் நின்றிருந்த வண்டி. சீட்டு ரெக்சின் காய்ந்து, அந்த வாடை மூக்கில் ஏறியது. "இன்னா பெரிம்மா, ஏறினதும் எறங்கிட்டீங்க, என் வண்டி புடிக்கலையா?" என்று ஓட்டுகிற பையன் கேட்டான். ஓரமாகப் போய் நின்றேன். உங்களோடு பேசுவதில்லை என்று இருந்தேன். அந்த வாடை பேச வைத்துவிட்டது.

நம் பட்டறையில் மெஷினை மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பழைய மெஷின் வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். துருகம் சாலையில் காலியாகக் கிடந்த நெல் குடோனை வாடகைக்குப் பிடித்து, ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து வேலை செய்துகொள்ளும் பொதுப் பட்டறை என்று நீங்கள் பலகை மாட்டியபோது சிரிக்காதவர்கள் குறைவு. நீங்கள் பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஜாக்கெட் தைக்கிறவள். லேசர் கட்டரைப் பெட்டியிலிருந்து இறக்கியதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கம்ப்யூட்டரில் கோடு போட்டால் மெஷின் அதன்படி மரத்தையும் அட்டையையும் வெட்டும் என்றார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அட்டை அட்டையாகக் கருக்கிக் கற்றுக்கொண்டேன். அதனால்தானோ என்னவோ, எனக்கு அது என் தையல் மெஷினைப் போலவே ஆகிவிட்டது.

நீங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான். "வாசல்ல நிக்கிறவங்கள இன்னா வேலன்னு கேளு. யாருன்னு கேக்காத."

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணும் அவளோடு சில பெண்களும் வந்தது அந்தச் சட்டத்தை நம்பித்தான். வேறு எங்கே போனாலும் எந்த ஊர், யார் அனுப்பினது என்று கேட்பார்கள், இங்கேதான் உள்ளே வா என்றார்கள் என்று சின்னப்பொண்ணு அடிக்கடி சொல்வாள். தேனும் சாமையும் விற்கிற கடைக்காரர் ஒருவர் அவர்களிடம் பை தைத்துக் கேட்டிருந்தார். துணிப்பை மலை மழையில் நனைந்து ஊறிப்போகிறது என்று அவர்கள் சொல்ல, ரெக்சினில் தைக்கலாம் என்று யோசனை சொன்னது நீங்கள். கத்திரிக்கோலால் வெட்டினால் கோணிக்கொண்டு போனது. கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கியது. ஒரு மத்தியானம் நீங்களே ரெக்சினை மெஷினுக்குள் விரித்தீர்கள்.

அந்த மெஷினுக்கு மேலேதான் உங்கள் கையெழுத்தில் போர்டு இருந்தது. ரெக்சின், பேனர், பிளாஸ்டிக் பைப் வெட்டக் கூடாது. வெட்டினால் வருகிற புகையில் குளோரின் இருக்கும், அது ஆளுக்கும் ஆகாது, இரும்பையும் அரித்துவிடும் என்று எங்களுக்கு விளக்கியதும் நீங்கள்தான்.

"அக்கா, போர்ட நீங்கதான எழுதுனீங்க?"

"எழுதுனன். அதுக்கு இன்னா இப்ப?"

"மெஷினு துரு புடிச்சிக்கினு போயிடும்."

"மெஷினு பெருசா, அவுங்க பொழப்பு பெருசாடி? ஜன்னல தொற. மூஞ்சிய அப்பறம் தூக்கி வச்சிக்கலாம்."

அந்தப் பெண்கள் கண் எரிகிறது என்று வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நீங்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அந்த மழைக்காலம் முழுக்க, வேறு யாரும் வராத மத்தியான நேரத்தில் வெட்டினீர்கள். பை போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் மறுபடியும் கேட்டார். அடுத்த கோடைக்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மெஷின் மெல்ல மெல்லக் கெட்டது. வெட்டுகிற தலை ஓடுகிற கம்பிகளில் துரு பூத்தது. வட்டம் வெட்டச் சொன்னால் முட்டை வெட்டியது. புதிது வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது நான் கத்தினேன். கம்பியை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கடைசியில் சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பிரித்தார். கீழ்த்தட்டை இழுத்ததும் ரெக்சின் துண்டுகள் குவியலாக விழுந்தன. பையின் கைப்பிடி வளைவு அப்படியே தெரிந்தது. "இதாங்க உங்க மெஷின தின்னது" என்றார். எல்லோருக்கும் தெரிந்த பை அது.

அன்று மாலை கூட்டம். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். உங்களுக்குப் பிறகு பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் பாபு பேசினான். கெட்டவன் இல்லை. "மலையில இருந்து வர்றவங்க மேல கோவம் இல்லீங்க. அவங்களுக்குத் தெரியல, அவ்ளோதான். ஆனா இனிமே கார்டு இருக்கறவங்கதான் புது மெஷின தொடணும். சாயங்கால கிளாஸுக்கு ஒழுங்கா வந்தா கார்டு" என்றான். சாயங்கால வகுப்பு முடிவதற்குள் மலைக்கு ஏறுகிற கடைசி பஸ் போய்விடும். அவர்களால் ஒரு நாளும் கார்டு வாங்க முடியாது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

எழுந்தேன். உங்கள் படத்தைப் பார்க்கவில்லை. "அவுங்க வெட்டல. அக்காதான் வெட்டுனாங்க. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தன்" என்றேன்.

யாரோ, "போர்டு எழுதுனவங்களே வெட்டுவாங்களா பெரிம்மா?" என்றார்கள். இன்னொருவர், "ரெண்டு பேருக்கும் எப்பவும் சண்டதான். அதுக்குன்னு செத்தவங்க மேலயா போடுவீங்க?" என்றார். பாபு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். மெஷினை மாற்ற விடாமல் இருக்க நான் எடுத்த புது வழி இது என்று நினைத்துவிட்டார்கள்.

சின்னப்பொண்ணு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு, நீயே சொல் என்றேன். அவள் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அந்தம்மா இல்லீங்க. நாங்கதான் தெரியாம போட்டுட்டோம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் பின்னாலேயே போனேன்.

"ஏண்டி பொய் சொன்ன?"

"பொய்யின்னா பொய்யி. எங்கள உள்ள வுட்டவங்க அவுங்க. அவுங்க படத்துக்கு நேரா நின்னுக்கினு அவுங்களயே காட்டிக் குடுக்கச் சொல்றியா? உனுக்கு மனசு வருது. எனுக்கு வரல."

"இனிமே உள்ள வுட மாட்டாங்களேடி."

"வுடலன்னா இன்னா பண்றது? கத்திரிக்கோல் கீது."

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.

புது மெஷின் வந்துவிட்டது. கார்டைக் காட்டினால்தான் மூடியே திறக்கிறது. மூத்தவள் என்று முதல் கார்டை எனக்குக் கொடுத்தார்கள், வகுப்புக்குக்கூட வரச் சொல்லவில்லை. வாங்கமாட்டேன் என்றேன். "புடிவாதம் புடிக்காதீங்க பெரிம்மா" என்று பாபு கெஞ்சினான். வாங்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. மெஷின் ஓடுகிறது. நான் வெளியே இருக்கிறேன், அவ்வளவுதான். சின்னப்பொண்ணு அதற்குப் பிறகு கீழே இறங்கி வரவில்லை.

உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, அக்கா? ரெக்சின் வெட்டியதற்கு இல்லை. அதற்கு அன்றைக்கே சண்டை போட்டு முடித்துவிட்டேன். இத்தனை நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தீர்களே, அதற்குத்தான். நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் எழுந்து, "நான்தான் வெட்டுனன், இன்னா இப்ப?" என்று கேட்டிருப்பீர்கள். எல்லோரும் சிரித்திருப்பார்கள். கார்டும் வந்திருக்காது.

அந்த வார்த்தையை உங்களுக்குப் பதிலாக நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கூட்டம் நடக்கும்போதெல்லாம் போகிறேன். எழுந்து அதையே சொல்கிறேன். பாபு தலையாட்டுகிறான், அடுத்த விஷயத்துக்குப் போகிறான். என் வாயிலிருந்து வந்தால் அதை யாரும் நம்புவதில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.