அம்மா கொடுக்க விடாத முத்தம்

கடல் இல்லாத ஊருக்குக் குடிபோன என் செல்ல அப்பாவுக்கு,

அங்கே சாளை மீன் கிடைக்குமா? இங்கே எனக்குப் பத்தொன்பது வயசாகிவிட்டது, ஆனால் உயரம் வரவில்லை. பஸ் கண்டக்டர் இன்னும் “தம்பி எந்த ஸ்கூல்?” என்றுதான் கேட்கிறார். நானும் நாளுக்கொரு ஸ்கூல் பெயர் சொல்லி வைக்கிறேன். ஏன் வளரவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது.

பெரியப்பா மகன் சேவியர் துபாய்க்குக் கிளம்பினான். கூடவே நானும் போவதாக இருந்தது. விசாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள் என்றதும் அம்மா மீன் அறுப்பதை நிறுத்திவிட்டாள். “அதுக்கு முன்ன என்கூட ஒருக்கா நாகர்கோவிலுக்கு வா மக்கா” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீங்கள் மஞ்சள்காமாலையில் சாகவில்லையாம். எச்.ஐ.வி.யாம். அவள் தினமும் சுகர் மாத்திரை என்று விழுங்குவதும் அதற்குத்தானாம். அவளுக்குச் சுகரே கிடையாதாம் அப்பா. இத்தனை வருஷம் எனக்குப் பயந்து சீனி போடாத சாயா குடித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவரிடம், இவ்வளவு எடுத்ததற்கு ஒரு பன்னாவது தரக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மத்தியானம் ஆலோசனை சொல்லும் அக்கா உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என்னைப் பற்றிப் பாசிட்டிவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றேன் அவரிடம். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அம்மா நம்பவே இல்லை. “இவங்க அப்பா செத்தப்போ முத்தம் குடுக்கக்கூட இவன பக்கத்துல விடலியே. பிறவு எப்படி வந்துச்சு?”

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பெட்டி மூடுவதற்கு முன்னால் ஊரே வரிசையில் வந்து உங்கள் நெற்றியில் கடைசி முத்தம் கொடுத்தது. யாருக்கும் விஷயம் தெரியாது. என்னை மட்டும் அம்மா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோயில் உபதேசியார் குடைக்குள் நான் நண்டு விட்டதற்கு நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், அதுதான் விடவில்லை என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.

முத்தத்தில் அது பரவாது, பிறக்கும்போதே வந்திருக்கும் என்று அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்.

அம்மா, “அப்போ இவன் குடுத்திருக்கலாமா?” என்றாள்.

“குடுத்திருக்கலாம்மா.”

அதற்குத்தான் அழுதாள்.

சேவியர் போய்விட்டான். கண் டெஸ்டில் நான் தோற்றுவிட்டதாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது பயல்கள் தெருவில் விரலை நீட்டி, “ஏலே, இது எத்தன?” என்கிறார்கள். நான் தப்புத் தப்பாகச் சொல்கிறேன். ஊர்ப் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு அம்மாவிடம் மீன் வாங்க ஒருத்தரும் வர மாட்டார்கள்.

மாத்திரை தின்றால் ரொம்ப நாள் இருக்கலாமாம். இருந்து எங்கே போக? அப்பா, நான் பிறக்கும்போது இது உங்களுக்குத் தெரியுமா? அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வருவேன். ஊர் பார்க்க உங்கள் சிலுவையில் உதட்டை வைப்பேன். இந்த முறை அம்மா சட்டையைப் பிடிக்க மாட்டாள். இது சத்தியம். வேறு எதற்கும் சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

உங்கள் நெற்றியைத் தொடாத,
உங்கள் ஒரே மகன்