கப்பலுக்கு நாள் பார்த்தது

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் என் சாக்குக் கடையைக் கொஞ்ச நேரம் திறந்து, சாக்குக் கட்டு இரண்டு அனுப்பிவிட்டு மூடியாயிற்று. மத்தியானம் கலூரில் ஒரு ஹோட்டல். நான், செல்வி. "வைஃபும் கண்டிப்பா வரணும் சார்" என்று போனில் மூன்று தடவை சொன்ன கூட்டம். போன மாதம் மாலில் ஏதோ பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டேன். அதனால் நாங்கள் 'தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பம்'. உள்ளே போனால் ஹால் நிறையத் தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்கள். ஏசியிலும் வேர்த்துக்கொண்டு.

எங்களுக்கு வாய்த்த விற்பனைக்காரன் ஒரு நீல டை. போன வருஷம் எங்கே டூர் போனீர்கள் என்றான். பழனி என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டான். பிறகு கப்பல் படம்: அவர்கள் டூர் கிளப்பில் சேர்ந்தால் வருஷம் ஒரு கப்பல் பயணமாம். நீச்சல் குளம், துண்டை மடித்துச் செய்த அன்னப்பறவை, வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு குடும்பம் காரணமே இல்லாமல் சிரிப்பது. "மெம்பர்ஸ் ஒன்லி சார். வெளியாள் ஏற முடியாது." வெளியாள் என்றால் யார்? அந்த நிமிஷம் வரைக்கும் நான்தான்.

கையில் கிரெடிட் கார்டு உண்டா என்றான். இருந்தது. கடைக் கணக்கோடு பாங்கு தலையில் கட்டியது. அதைக் கண்டதும் நீல டைக்கு முகம் மலர்ந்தது பார்க்கணும், ஊசி போட நரம்பு கிடைத்த மாதிரி. அந்தக் கார்டின் மகிமைகள், அவன் சொன்னபடி:

- பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி கிடையாது. (பிராசஸிங் சார்ஜ் உண்டு. அதற்கு வரி உண்டு. வட்டி என்ற பெயர் மட்டும்தான் கிடையாது.)
- பாயிண்ட். சேர்ந்தால் டோஸ்டர்.
- ஏர்போர்ட் லவுஞ்சு, வருஷத்துக்கு இரண்டு முறை இலவசம்.
- கப்பலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாடு. கரண்ட் போனால் மட்டாஞ்சேரியிலும் அதே.

இப்படி இரண்டு மணி நேரம். கடைசியில் செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "போடுறதுன்னா நாலரைக்குள்ள போட்டுருங்க. அப்புறம் ராகு காலம்." அப்போது நாலே கால். ஒப்பந்தம் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தை வாசித்தேன், மற்ற பதினொன்றில் கையெழுத்து மட்டும். "மேடம் பறஞ்சது கரெக்டாணு" என்று நீல டை பக்கம் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு ராகு காலத்தின் மேல் வந்த பக்தி எங்கள் குருக்களுக்குக் கூடக் கிடையாது.

நாங்கள் சேர்ந்ததற்கு மணி அடித்தார்கள். ஹாலே கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன். வார்டு கவுன்சிலர் ஆன மாதிரி. பரிசு ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இதெல்லாம் எதற்கு என்றால், மகள் அபி பிப்ரவரி 22 ஜெர்மனி போகிறாள். நர்ஸ் வேலை. திரும்பி வர இரண்டு வருஷமோ மூன்றோ. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் தவிர மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அவள் போவதற்குள் ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஜனவரி 13, செவ்வாய்

சரக்கு வரத்து இல்லை. பக்கத்துக் கடை சலீமிக்காவிடம் (கயிறு வியாபாரம், வாய் அதைவிட நீளம்) கப்பல் விஷயம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. போட் ஜெட்டியில் போய் நின்றால் கப்பலைச் சும்மா பார்க்கலாமே, அதற்கு எதற்குக் கார்டு என்றார். மத்தியானத்துக்குள் தெருவில் எனக்குப் பெயர் 'கேப்டன்'. சாயா கொண்டு வந்தவனும் சல்யூட் அடித்தான்.

சீசனில் கப்பலில் வரும் டூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக இந்தப் பக்கம் வருவார்கள். தொப்பி, கழுத்தில் கேமரா. என் சாக்கு அடுக்கைப் படம் எடுப்பார்கள். கிழிந்த சாக்கென்றால் இரண்டு படம் கூட. இருபது வருஷமாக அவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவன் நான். இப்போது அந்தத் தொப்பி எனக்கு.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் முடிந்தது. வயிறு சரியில்லை. கிளப்புக்கு நாள் பதிய போன் பண்ணணும். கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். மறுமுனையில் ஸ்ருதி என்று ஒரு பெண். தேன் குரல். அந்தத் தேனில்தான் ஈ விழுகிறது.

கே: மகளுக்கு இருபத்திரண்டு வயசு. குடும்பத்தில் சேருமா?
ப: குழந்தை என்றால் பன்னிரண்டு வரை. அதற்கு மேல் 'அடிஷனல் கெஸ்ட்'. தனிச் சார்ஜ். (பக்கம் ஏழில் இருக்கிறதாம். நாலே காலுக்கு ஏழாம் பக்கத்தை யார் பார்த்தது?)

கே: ரூமில் ஜன்னல்?
ப: எங்கள் பிளானில் ஜன்னல் இல்லை. ஜன்னலுக்கு அப்கிரேடு.

கே: நடுக்கடலுக்குப் போய்ச் சுவரைப் பார்க்கவா?
ப: டெக்குக்கு வந்து பார்க்கலாம் சார், அது காம்ப்ளிமென்டரி.

கடல் இலவசம். குறித்துக்கொண்டேன்.

கே: மகள் பிளேன் ஏறும்போது நானும் லவுஞ்சில் அவளோடு கொஞ்ச நேரம் உட்காரலாமா?
ப: அது கார்டு கம்பெனியிடம் கேட்கணும். கேட்டேன். டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர்களுக்கு மட்டுமாம். நானும் ஜெர்மனிக்கு டிக்கெட் எடுத்தால் அபியோடு உட்கார்ந்து ஒரு சமோசா சாப்பிடலாம், இலவசமாக.

கே: எப்போது நாள் கிடைக்கும்?
ப: சனி, ஞாயிறு, குடியரசு தினம், பரீட்சை லீவு, ஓணம், கிறிஸ்துமஸ், எல்லாம் பிளாக்-அவுட். அதாவது மனுஷன் போகக்கூடிய நாளெல்லாம். ஜனவரி 27 இருக்கிறது என்றாள். இரண்டு ராத்திரி. இங்கிருந்து லட்சத்தீவு வரை போய்த் திரும்பும்.

செல்வியிடம் சொன்னேன். சுவரில் தினசரிக் காலண்டரைப் புரட்டினாள். "நவமி."

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்ருதி: பிப்ரவரி 3.
செல்வி: அபிக்குச் சந்திராஷ்டமம்.

அந்தப் பக்கம் பிளாக்-அவுட், இந்தப் பக்கம் பஞ்சாங்கம். இரண்டு பேருக்கும் நடுவில் என் கப்பல் தரை தட்டி நிற்கிறது. கிளப்பும் செல்வியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசி வைத்த மாதிரி வேலை செய்கிறார்கள். இவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டால் ஒரு மெம்பரும் ஒரு நாளும் கப்பல் ஏற முடியாது. மேனேஜர் ஆக்கிவிடுவார்கள்.

அபியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் பெட்டியின் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைப்பதும், செல்வி திரும்ப உள்ளே வைப்பதும்.

"எனக்காகன்னா வேண்டாம்பா. ரெண்டு நாள் வீட்ல கிடந்து உறங்கினா மதி, அது போதும்."

அவளுக்காக இல்லை, எனக்காகத்தான். முறுக்கு ஒன்றை எடுத்துத் தின்றேன். எடை குறையட்டும்.

ஜனவரி 24, சனி

முதல் தவணை கார்டில் ஏறிவிட்டது. வாழ்த்துச் செய்தியும் வந்தது: 'உங்கள் பயணம் தொடங்கிவிட்டது.' நான் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

பாயிண்ட் பார்த்தேன். டோஸ்டருக்கு இன்னும் மூன்று கப்பல் வாங்க வேண்டும்.

ரத்து பண்ண முடியுமா என்று ஸ்ருதியிடம் கேட்டதற்கு, பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்கணும் சார் என்றாள். பக்கம் பதினொன்று. அபிதான் எல்லாப் பக்கத்தையும் வாசித்து எனக்கு அர்த்தம் சொன்னாள். மலையாளத்தில் சொன்னாள், அவளுக்கு அதுதான் சரளம். எந்த பாஷையில் கேட்டாலும் நான் மடையன் என்றே வந்தது.

ஜனவரி 28, புதன்

ஸ்ருதி கூப்பிட்டாள். யாரோ மெம்பர் ரத்து பண்ணினாராம், பிப்ரவரி 8 கிளம்பும் கப்பல். ஞாயிற்றுக்கிழமை. சாதாரணமாகக் கிடைக்கவே கிடைக்காது, சாருக்காக எடுத்து வைத்தது. கிளப்பைப் பற்றி முதல் தடவையாக நல்ல எண்ணம் வந்தது. ஒரு கால் மணி நேரம்.

செல்வி காலண்டர்ப் பக்கம் போய் வந்தாள். "கரிநாள். வேண்டவே வேண்டாம்."

எனக்குக் கோபம். நவமி சரி, சந்திராஷ்டமம் சரி, கிளப்காரன் கொடுக்கிற நாளில் எதைத்தான் எடுப்பது என்று கத்தினேன். அவள் அரிசி களைந்தாள். ஸ்ருதிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றேன். "ஏன் சார்?" கரிநாளுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது? ஸ்டொமக் பெயின் என்றேன். வரப்போகிற வயிற்று வலியைப் பத்து நாள் முன்னாலேயே சொன்ன மெம்பர் அவர்கள் கிளப்பில் நான் ஒருத்தன்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கோயிலில் கூட்டம். சாயங்காலம் அப்பளக்கடை கணேசன் மனைவியோடு வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. மூத்த மகன் கல்யாணம். அபிக்கும் பிளேன் ஏறுவதற்குள் ஒரு கல்யாணச் சாப்பாடு ஆச்சு என்றான். சாயா குடித்தார்கள், போனார்கள்.

பத்திரிகையை நிதானமாக வாசித்தேன். பிப்ரவரி 8. சுபயோக சுபதினம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

கணேசன் அப்பள மாவு பிசையவே நாள் பார்ப்பவன். அவன் மகனுக்குக் கரிநாளில் தாலி கட்ட வைப்பானா? மாட்டான்.

அடுக்களையில் போய்ப் பத்திரிகையைச் செல்வி முன்னால் வைத்தேன். என்னமோ பெரிய திருட்டைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரிதான் நின்றேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாளைப் பார்த்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். அடுப்பைத் தணித்தாள்.

"முதல்ல சொன்னது நெஜம்தான். நவமிதான் அன்னைக்கு."

"மத்தது?"

"கப்பல் ஏறி இறங்கியாச்சுன்னா, அப்புறம் அவ போறது ஒண்ணுதாங்க பாக்கி. இது போகாம கிடக்கிற வரைக்கும் நடுவுல இன்னும் ஒண்ணு இருக்குல்ல."

நான் நினைத்திருந்தது நேர் எதிர்: கப்பலில் நாலு போட்டோ எடுத்துவிட்டால், நல்லபடியாக அனுப்பி வைத்தோம் என்று ஆகிவிடும், பிறகு ஏர்போர்ட்டில் சிரித்துக்கொண்டே கையசைத்துவிடலாம். நீல டை விற்றது கப்பலை. நான் வாங்கினது அதை. அவனுக்கே தெரிந்திருக்காது என்ன விற்றோம் என்று.

அபி அறையில் ஜெர்மன் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி ரயில் நிலையத்துக்கு வழி கேட்கிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கணேசன் வீட்டுக் கல்யாணம். சாம்பாரில் உப்பு தூக்கல். அபி பட்டுப்புடவை. எங்கள் மூன்று பேரையும் போட்டோக்காரன் ஒரு படம் எடுத்தான். நான் கண்ணை மூடிவிட்டேனாம். இன்னொன்று எடுக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் வைட்டிலாவில் ஒரு பாக்கி வசூல், கிடைக்கவில்லை. பஸ் நெரிசலில் செருப்பு வார் அறுந்தது.

இரவு சாப்பாட்டுக்கு முன் ஸ்ருதி. நானே கூப்பிடாமல் இருந்தேன், அவள் விடவில்லை. கிளப்புக்கு வருஷம் மார்ச்சோடு முடிகிறதாம், முதல் வருஷப் பயணத்தை அதற்குள் எடுக்காவிட்டால் போய்விடுமாம். கையில் இருப்பது ஒரே நாள், பிப்ரவரி 25. மெம்பரும் மனைவியும் மட்டும், மூன்றாவது கட்டில் கிடையாது. ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அபி அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

போகட்டும், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தக் கிளப்பு என் தவணையைச் சும்மா தின்னட்டும் என்று ஒரு வீம்பும் இருந்தது. யாரைப் பழிவாங்குகிறேன் என்று யோசிக்கவில்லை.

செல்வி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இருபத்தஞ்சுன்னா, அவ போய் மூணாம் நாளா?"

ஆமாம் என்றேன். காலண்டர் இருக்கும் சுவர்ப் பக்கம் அவள் திரும்பவில்லை.

"எடுங்க."

"ரெண்டு பேர் மட்டும்தான். ஜன்னல் கூடக் கிடையாது."

"எடுங்கன்னேன்ல. அன்னைக்கு வீட்ல இருக்க வேண்டாம்."

எடுத்தேன். ஸ்ருதி பெயர், வயசு, ஆதார் எல்லாம் கேட்டாள். சைவமா அசைவமா. கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வருமா. கட்டில் சேர்த்துப் போடவா பிரித்துப் போடவா. இந்தக் கேள்விக்கு நான் செல்வி முகத்தைப் பார்க்கவில்லை, சேர்த்து என்றேன். கடைசியாக, இந்தப் பயணத்தில் ஏதாவது விசேஷம் உண்டா சார், பிறந்த நாள், கல்யாண நாள் மாதிரி, சொன்னால் ரூமில் கேக் வைப்போம், பலூன் கட்டுவோம் என்றாள்.

என்ன சொல்ல என்று செல்வியைப் பார்த்தேன். அவள் துருவலைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க."

ஒன்றும் இல்லை என்றேன்.