உன் பக்கத்து மணல் மூட்டை

துடியலூர்ப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை போகவில்லை. உனக்குப் பிடித்த வாசனை, எனக்குத் தலைவலி.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயந்திரவியல் படித்தோம். பிறகு நீ மில்லுக்குப் போனாய், நான் பாடம் நடத்தப் போனேன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அதிகம் பேசியதும் இல்லை. பழைய மினி லாரி ஒன்றைக் காட்டி, இதில் வீடு கட்டி ஊர் ஊராகப் போகலாம் என்றது நீதான். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை வெட்டி நீட்டினால் ஒட்டு தாங்குமா, மலைப்பாதையில் திரும்புமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“ஒட்டுப் போட்ட எடங்கூடத் தாங்கிரும் அம்மணி. நீ ஓயாம கேக்கறதத்தான் தாங்க முடியல” என்றாய்.

பட்டறைக்காரர் பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. நீட்டிய சேசிஸில் குறுக்குச் சட்டங்களை முழுதாக வெல்டு செய்வதற்குமுன், கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வரும் இடங்களில் அந்தந்த எடைக்கு மணல் மூட்டை வைப்பார். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று மறுநாள் பார்ப்பார். படுக்கும் ஆளுக்கும் மூட்டை உண்டு. வலப்பக்கம் நான், இடப்பக்கம் நீ. உன் எடையைக் குறைத்துச் சொன்னாய். பாய் உன் பக்கம் இன்னொரு சின்ன மூட்டையைத் தூக்கி வைத்தார். நீ சிரித்த சிரிப்பில் வெல்டர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அதே வாரம் உன் இதயம் நின்றது. வேலையும் நின்றது.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லத்தான் இன்று போனேன். பட்டறையின் ஓரத்தில், மழையில் நனைந்து இறுகிப்போன மூட்டைகளோடு அப்படியே நின்றிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் பாயே பேச்சை எடுத்தார்.

“வாங்கறதுக்கு ஆளிருக்குதுங்க மேடம். அவங்களுக்குத் தோதா மாத்தோணும். அந்தம்மா மூட்டைய எறக்கிப்போடட்டுங்களா?”

“வேண்டாமுங்க பாய். நானே வெச்சுக்கறேன்.”

சொன்ன பிறகுதான் வண்டியை விற்கப்போவதில்லை என்று எனக்கே புரிந்தது. மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற முடியாது. எடுத்துவிட்டால் வண்டி என் பக்கம் சாயும். நடுவில் வர வேண்டிய தண்ணீர்த் தொட்டியை உன் பக்கம் வைக்கச் சொன்னேன். பாய் குனிந்து சேசிஸின் அடியில் பார்த்தார்.

“வெக்கலாமுங்க. தண்ணி கொறஞ்சா சாஞ்சு போயிருமுங்க. நெரப்பியே வெச்சுக்கோணும்.”

வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

நீ எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதாக உன் தம்பி சொல்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, உனக்கும் இருந்ததில்லை. உன் இடத்தில் இருக்கப்போவது தண்ணீர்தான். அந்தத் தண்ணீரோடு தனியாகத்தான் போவேன். பவானியோ அதைத் தாண்டியோ, எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் குழாய் எங்கே என்று விசாரித்து அந்தத் தொட்டியை நிரப்புவேன். அதன்பிறகுதான் படுப்பேன்.