ஒலிப்பதிவில் உன் மூச்சு இல்லை

வேளாங்கண்ணி விடுதி,
ஜனவரி 4

அன்புள்ள வெண்மதி அக்காவுக்கு,

அறிவுமதி எழுதுவது. நான் நலம். அரையாண்டுத் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல். ஆனால் உன் நலத்தை வழக்கம்போல் ஒரு வரியில் விசாரித்துவிட்டு நகர முடியவில்லை.

சென்னையில் உன் விடுதிக்குப் போட்ட கடிதம், 'இப்பெயரில் யாரும் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. அதனால் இதை ஷமீரா அக்கா முகவரிக்கு அனுப்புகிறேன். எங்கள் பள்ளிப் பாடற்குழுவில் அருகருகே நின்று பாடி, ஒரே இசைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தவர்கள் நீங்கள். நீ இருக்குமிடம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சம்பா நெல் பால் பிடித்திருக்கிறது. இப்போது மழை வந்துவிடக் கூடாதே என்று அம்மா வானத்தையே பார்க்கிறாள். அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. நீ கச்சேரியில் பாடியதாக அனுப்பிய பதிவை டீக்கடை, உரக்கடை என்று போகிற இடமெல்லாம் போட்டுக் காட்டுகிறார். "என்ன ஒசரத்துல நிக்கிது பாருங்க எம்பொண்ணு கொரலு!" என்கிறார். அம்மா மட்டும், "ஏங்க, இது நம்ம புள்ளதானா? புதுசா இருக்கே" என்றாள். "படிச்சா கொரலும் மாறும்டி. நெல்லு அரிசியா ஆவறதில்லையா?" என்று அப்பா சிரித்தார்.

நெல் அரிசியாகும், அக்கா. உளுந்து ஆகாது.

நான் அதைப் பலமுறை கேட்டேன். உச்சியில் குரல் ஊசிபோல் அசையாமல் நிற்கிறது. கீழே இறங்கினால் மெலிந்துபோகிறது. உன் குரல் மெஸ்ஸோ சொப்ரானோ. உயர்ந்த சொப்ரானோவுக்கும் தாழ்ந்த ஆல்டோவுக்கும் நடுவில் இருப்பது என்று ஆரோக்கியமேரி டீச்சர் என் நோட்டில் மூன்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். நீ உச்சியை எட்டித் தொடுவாய், அங்கே குடியிருக்க மாட்டாய். நடுவில் வரும்போதுதான் உன் குரல் நிறையும், போர்வெல் தண்ணீர் தொட்டியில் விழுகிற மாதிரி. அப்புறம், நீளமான வரிக்கு முன்னால் மூக்கால் இழுப்பாயே ஒரு மூச்சு, டீச்சரிடம் திட்டு வாங்கித் தந்த மூச்சு, அது இந்தப் பதிவில் ஓரிடத்திலும் இல்லை.

விடுமுறை முடிந்து என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, அப்பா டீச்சருக்கும் போட்டுக் காட்டினார். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லா பாடியிருக்கா" என்றார். யார் என்று சொல்லவில்லை. அப்பா போன பிறகு என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது ஷமீரா அக்காவின் குரல்.

மூன்று மாதமாக, போன் செய்தால் தொண்டைக்கட்டு என்று எழுதி அனுப்புகிறாய். போன பொங்கலுக்கு அப்பா உன்னிடம், "அந்த ஷமீராப் புள்ள மாதிரி உச்சத்துல பாடேன், நீ ஏன் பாதியிலயே நிக்கிற?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு மேலே மேலே பாடிப் பார்த்தே தொண்டையை என்னவோ செய்துகொண்டாய் என்று சந்தேகப்படுகிறேன். தப்பு என்றால் நன்றாகத் திட்டு. ஆனால் வாயால் திட்டு, எனக்குக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். மாட்டுப் பொங்கலன்று நம் தெருவில் மேடை. உன் படம் போட்ட பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. ஊரே நீ பாடக் காத்திருக்கிறது. அதை நினைத்து நீ வராமலே இருந்துவிடுவாயோ என்றுதான் பயம்.

அந்த மேடையில் நான் பாடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஒனக்கு அடிக்கொரலாச்சே" என்றார். ஆமாம், டீச்சர் என்னையும் நீ நின்ற நடுக்குரல் வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறார். உச்சிக்குப் போகாத பாட்டாக எடுத்து, நடுக்குரலிலேயே பாடப் போகிறேன். அப்பா முழுசாகக் கேட்கட்டும். நீ பாட வேண்டாம். பேசவும் வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும். கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஷமீரா அக்கா, இதை முதலில் நீங்கள் பிரித்திருந்தால் எனக்குக் கோபமில்லை. நீங்கள் பாடியது அழகாகத்தான் இருந்தது. எங்கள் அக்காவை மட்டும் பஸ் ஏற்றிவிடுங்கள்.

அக்கா, ஜன்னலோரம் உட்காராதே. மார்கழிப் பனி தொண்டைக்கு ஆகாது.

உன் வரிசையில் நிற்கும் தங்கை,
அறிவுமதி