மணலில் நிறுத்திய பிள்ளை

மாதா துணை

கல்பாக்கம்
15.7.1997

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் மூட்டுவலி இப்போது தேவலையா?

ரூபனுக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை, பேச்சும் இல்லை. டாக்டர், பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை, "கடக்கரைல குழி நோண்டி, இடுப்பு மட்டும் மண்ணுல நிக்க வையி. காலு கெட்டியாயிடும்மா. எம்புள்ளைங்க எல்லாம் அப்டிதான் நடந்துச்சுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினோம். நேராக நின்றான் அம்மா! அவர் கைதட்டிச் சிரித்தார்.

அப்போது ஓர் அலை கொஞ்சம் மேலேறி அவன் நெஞ்சு வரை வந்துவிட்டது. பயப்படாதீர்கள், உடனே தூக்கிவிட்டோம். பக்கத்தில் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு அம்மாக்களிடம் ஓடினார்கள். இவன் அழவில்லை. என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை.

அப்பா வரும்போது, காலில் தேய்க்க நம் ஊர் வைத்தியர் காய்ச்சும் தைலம் கொடுத்து அனுப்புங்கள். நீங்களும் கூட வந்தால் நல்லது.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று, நான் எந்த வயதில் நடந்தேன் என்று எழுதுங்கள். சீக்கிரமே நடந்திருந்தால் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்
ஜெசிந்தா