மலை மேல் கை நனைத்தவள்

அன்புத் தோழிக்கு,

நேற்று உடுத்தியிருந்த புடவையின் கரையில் மெழுகு சொட்டியிருக்கிறது. காலையில் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். நகத்தால் சுரண்டி முகர்ந்தால், அணைந்த மெழுகுவத்தியும் நனைந்த பாறையும் சேர்ந்த அந்த வாசனை. புடவையை வாளியில் போடாமல் நாற்காலியில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று மாதா கோயில் மலைக்குப் போய்வந்தேன். உன் தம்பியும் என்னோடு வந்தான். ஆமாம், உன் தம்பிதான். நீ இருந்திருந்தால், "இன்னா டீச்சர், ஜுரம் கிரம் அடிக்குதா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய்.

இந்த ஐப்பசியிலும் மழை ஏமாற்றவில்லை. வகுப்பில் ஏரிப் பாசனம் நடத்தும்போது கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி வரைவேன். ஓர் ஏரி நிரம்பி உபரி நீர் கலங்கலில் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மலை மேல் நின்று பார்த்தால் அந்தப் படம் அப்படியே தரையில் கிடக்கிறது. அம்புக்குறி மட்டும்தான் இல்லை. சுற்றிலும் புதிதாய் நட்ட நாற்றின் பச்சை. தும்பிகள் தாழப் பறந்தன. முதல் தடவை நாம் இருவரும் போனதும் இதே மாதிரி ஓர் ஐப்பசிச் சனிக்கிழமைதான்.

அப்போது உன் மகள் செங்கல்பட்டில் நர்ஸ் வேலையில் இருந்தாள். அங்கேயே இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையன் வீட்டார் மாதா கோயில்காரர்கள், மலையடிவாரத்து ஊர். உன் மகள் அதை மறைக்கவில்லை. உன் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "நீ வேணான்னு சொன்னா நான் ஓடிப் போவ மாட்டம்மா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்."

அன்று சாயங்காலம் கொல்லைப் படல் வழியாக என் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தாய். "ஓடிப் போயிருந்தாக்கூட ரெண்டு நாளு அயுது முடிச்சிருப்பேன் டீச்சர். இவ தூக்கி என் கையில குடுத்துட்டாளே. நான் இன்னா பண்ணுவேன்?" என்றாய். கணவர் போன பிறகு, நாற்று விடுவதிலிருந்து நெல் விற்பது வரை யாரையும் கேட்காமல் முடிவெடுத்தவள் நீ. அந்த முடிவு மட்டும் உனக்கு வரவில்லை.

உன் தம்பி சும்மா இருப்பானா? தாய்மாமன் ஆயிற்றே. தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். "அந்த வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சன்னு என் காதுல வியுந்துது, அப்பறம் எனுக்கு அக்காவே கிடையாது!"

அவன் ஏன் தண்ணீரைச் சொன்னான் என்பது நம் பக்கத்து மனிதர்களுக்குப் புரியும். பெண் கொடுக்க மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் இல்லாமல் அங்கே கை நனைக்க மாட்டார்கள். எவ்வளவு உபசரித்தாலும் காபியைக்கூட ஒதுக்கிவிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால், பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கையெழுத்துப் போடுவது போலத்தான். போட்ட பிறகு அழிக்க முடியாது.

அதனால் பையன் வீட்டார் ஆள் மேல் ஆள் விட்டுக் கூப்பிட்டும் நீ போகவில்லை. "வூட்டுக்குப் போனா காபி குடி, டீ குடின்னு பேஜார் பண்ணுவாங்க. கோயிலுக்குப் போவலாம் வா. என் பொண்ணு எந்தச் சாமி முன்னாடி நிக்கப் போறான்னு நான் பாக்க வேணாமா?" என்றாய். யாரிடமும் சொல்லாமல் உத்திரமேரூரில் மதுராந்தகம் வண்டி ஏறினோம். உன் மடியில் ஒரு பை. அதில் எவர்சில்வர் டப்பா நிறையப் புளிச்சோறு, இரண்டு பாட்டில் தண்ணீர். "அந்த ஊரு தண்ணிகூட நம்ம நாக்குல படக் கூடாது டீச்சர்" என்று என்னையும் எச்சரித்துவைத்தாய்.

அடிவாரத்தில் ஒருத்தி கூடையில் சீத்தாப்பழம் வைத்திருந்தாள். கண் திறந்து பழுத்த பழம். உனக்கு நாக்கு ஊறிற்று.

"காசு குடுத்து வாங்கித் தின்னா கை நனைச்ச கணக்குல வராது இல்ல?" என்று என் காதில் கேட்டாய்.

"அந்தம்மா பையனுக்கு அத்தையா இருந்தா?" என்றேன்.

நெருப்பைத் தொட்டவள் போலப் பழத்தைக் கூடையில் வைத்துவிட்டாய். பழக்காரி, "இன்னாக்கா, சீத்தாப்பயம் நல்லாதான கீது?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டிருந்தாள்.

படிகள் வழுக்கின. மேலே கோயில் வெள்ளையாய், சின்னதாய், மழைமேகத்தை ஒட்டி நின்றது. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. நீ நேராக உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் பாறையில் கோயிலை வலம் வர ஆரம்பித்தாய். இங்கே சுற்றும் வழக்கம் இல்லை என்றேன். "சுத்தாம உள்ள போனா சாமி கோச்சிக்காதா? எந்தச் சாமியா இருந்தா இன்னா?" என்று மூன்று சுற்றும் முடித்துவிட்டுத்தான் வாசலில் நின்று மாதாவைப் பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். மாதாவின் கையில் குழந்தை. "புள்ளக்காரிதான்" என்றாய் மெதுவாக.

நீ சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் குரங்கு பையைத் தூக்கிவிட்டது. காவல் வைத்தது என்னைத்தான். ஆனால் என்னையும் சுற்றச் சொல்லி இழுத்தவள் நீ. டப்பாவைப் பாறை மேல் வைத்துத் தட்டித் திறந்து, புளிச்சோற்றை அது நிதானமாகத் தின்றதை இருவரும் நின்று பார்த்தோம். தண்ணீர்ப் பாட்டில்கள் சரிவில் உருண்டு போயின. "தின்னு, தின்னு. உனுக்குதான் கட்டியாந்தேன்" என்று குரங்கிடம் சண்டை போட்டாய். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய்ப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். அங்கேதான் பூசைக்கு வந்தவர்களுக்குத் தையல் இலையில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தாய். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் உன் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை என்றால், சர்க்கரை இறங்கிவிட்டது என்பதற்கு எனக்கு வேறு அடையாளம் வேண்டாம்.

"சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்றேன்.

"ஒரு வாட்டி சொன்னா புரியாதா டீச்சர்?" என்று சீறினாய்.

கரண்டியும் கையுமாய் நின்ற ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு வந்தாள். நம் வயதுதான். இடுப்பில் முந்தானையைச் சொருகியிருந்தாள். இலையை உன் மடியில் வைத்தாள். "சாப்புடுக்கா. இது கோயில் சோறு. யாரு வூட்டு சோறும் இல்ல" என்றாள்.

அந்தச் சொல் உன்னைக் கட்டிப்போட்டது. சாப்பிட்டாய். பாதி இலை காலியானதும் கை நடுக்கம் நின்றது. முழுவதும் சாப்பிட்டாய். கொட்டகை ஓரத்தில் அவளே செம்பில் தண்ணீர் மொண்டு உன் கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "உங்க பொண்ணுக்கு அப்படியே உங்க மூஞ்சி. நீங்க சுத்திக்கினு வரும்போதே தெரிஞ்சிக்கினேன்" என்றாள். பையனின் அம்மா அவள்தான்.

நீ கழுவிய கையை நீட்டியபடியே நின்றாய். "அப்ப நான் கை நனைச்சிட்டனா?" என்று கேட்டாய்.

அந்த இடத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு நான் இருந்தேன், கொட்டகை நிறைய அவள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவளோ செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அதான் மொதல்லயே சொன்னனே. கோயில் சோறு கணக்குல வராது. நீங்க வூட்டுக்குப் போயி நல்லா யோசன பண்ணிச் சொல்லுங்க. வேணான்னாலும் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னாலும் உன் காதில் ஏறியிருக்காது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், வரிசையில் சின்னப் பிள்ளைகளோடு மறுபடியும் உட்கார்ந்தாய். புது இலை ஒன்றை எடுத்து உன் முன்னால் நீயே போட்டுக்கொண்டாய். உன் முறை வந்ததும் அவளை அண்ணாந்து பார்த்தாய்.

"எனுக்கும் ஒரு கரண்டி போடு சம்பந்தி."

அவள் கையிலிருந்த கரண்டி சாய்ந்து, உன் இலையில் விழ வேண்டிய சாம்பார் சாதம் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பூசைக்கு வந்த பெரியவர் ஒருவர் "உஸ்" என்று அதட்டினார்.

திரும்பும் வண்டியில் கேட்டேன், எதை வைத்து முடிவு செய்தாய் என்று. சன்னல் கம்பியில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "என்னிய மடக்கியிருக்கலாம் டீச்சர். மடக்கல. வழி வுட்டா. அந்த வூட்டுல என் பொண்ணு மூச்சு வுடலாம்."

அதன் பிறகு என்னென்ன நடந்தது என்று உனக்கே தெரியும். அதே மலைக்கோயிலில் கல்யாணம் நடந்தது. உன் மகள் மூச்சு விட்டாள், சிரித்தாள், இரவுப் பணிக்குப் போனாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மேல்படிப்பும் படித்தாள். உன் தம்பி சொன்னபடியே உன் வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்கு அவனுக்கு எடுத்த வேட்டியை ஒவ்வொரு வருடமும் நீ என் வீட்டு அலமாரியில் கொண்டுவந்து வைப்பாய். "அவன் வருவான். கொஞ்சம் மெதுவா வருவான், அவ்வளவுதான்" என்பாய். அந்த ஒரு விஷயத்தில் நீ அவசரப்பட்டுவிட்டாய். அவன் வருவதற்குள் போய்விட்டாய்.

நீ போன அன்று உன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முறைப்படி சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மலையடிவாரத்திலிருந்து ஆட்டோவில் அண்டாவை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வந்து இறங்கினாள். உன் தம்பி தெருவில் வேப்பமரத்தடியிலேயே நின்றான், சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "டீச்சரம்மா, மலை மேல எங்கக்கா எங்க குந்திச் சாப்ட்டுது?" என்று கேட்டான். வார்த்தையால் காட்ட முடியாது, ஐப்பசி வரட்டும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ உதாரணங்கள் சொல்லியிருக்கிறேன். இப்போது பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்று யோசனை கேட்டு யாராவது வந்தால், உன்னைத்தான் உதாரணம் சொல்கிறேன். வீடு எத்தனை மாடி, நிலம் எத்தனை ஏக்கர் என்பதைப் பிறகு பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் இடம் கொடுக்கிறார்களா, அதை முதலில் பாருங்கள் என்கிறேன். வழி விடாவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம் ஒருவர் கேட்டார். கையை உலர்ந்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேருங்கள் என்றேன். எனக்குத் தெரிந்து இது தவறியதில்லை.

நேற்று உன் தம்பியை அந்தக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். நீ உட்கார்ந்த இடத்தைக் காட்டினேன். தரையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பையனின் அம்மா, தலை முழுக்க நரைத்துவிட்டது, இலை போட்டுச் சாதம் வைத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, "சாம்பார்ல உப்பு கம்மியா கீது" என்றான்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் குடும்பத்தை எனக்குத் தெரியாதா? அந்நியர் வீட்டில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவீர்கள். குறை சொல்வதெல்லாம் சொந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான். அந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து அவன் இலை ஓரத்தில் வைத்தாள். அவன் அதைத் தொட்டுப் பிசைந்துகொண்டு இன்னொரு கரண்டி கேட்டான்.

உன்னிடம் சொல்லத்தான் இதைச் சிந்தாமல் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன்.

என்றும் உன்,
டீச்சர்